பழியும் நீதியும்: இந்தித் திரையில் சினங்கொண்ட பெண்

(உலக மகளிர் நாளையொட்டி நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரைப்படங்களில் பழிவாங்கும் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள் என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நாள்தோறும் மொழிபெயர்ப்பில் உழல்கின்ற எனக்கு எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் முதலில் சொல்தான் கண்ணில் படும். 'பழி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பழிவாங்குதல் என்றால் செய்த தீங்குக்குத் திருப்பிச் செய்தல். பழி சுமத்துதல் என்றாலோ குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றுதல். ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. நம் சமூகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. குற்றம் செய்தவன் ஒருவன், பழி சுமப்பவள் அவள். சுமந்த பழியை இறக்கிவைக்க இடமில்லாதபோது அவள் பழிவாங்கப் புறப்படுகிறாள். நமது வெகுமக்கள் திரைப்படம் இந்த இரண்டாவது பகுதியைத்தான் விரும்பிப் படம்பிடிக்கிறது. முதற்பகுதியைப் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துவிடுகிறது.

நாடு முழுவதும் பார்க்கப்படுவது என்பதால் இந்தித் திரைப்படத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் படங்களையும் பட்டியலிடுவது நோக்கமன்று. சில படங்களை வைத்துச் சில கேள்விகளை எழுப்ப விரும்புகிறேன். பழிவாங்கும் அந்தப் பெண் யார்? எந்த வர்க்கத்தவள், எந்தச் சாதியினள்? அவளுடைய பகைவன் யார்? பார்க்கின்ற கண் யாருடையது? பழிவாங்கி முடித்த பின் எது மாறியிருக்கிறது?

துப்பாக்கி யார்மீது சுட்டது?

1957இல் வெளிவந்த மெஹபூப் கானின் 'மதர் இந்தியா'விலிருந்து தொடங்குவோம். 1940இல் தாமே எடுத்த 'ஔரத்' படத்தை அவர் விரிந்த அளவில் மீண்டும் எடுத்தது இது. நர்கீஸ் ஏற்ற ராதா என்னும் உழவர்குடிப் பெண்ணின் வாழ்வைச் சூறையாடுபவன் சுகிலாலா என்னும் வட்டிக்கடைக்காரன். கடன் கணக்கு பொய், கைநாட்டு வாங்கியது வஞ்சனை, விளைச்சலில் பெரும்பங்கு அவனுக்கு. இதற்குப் பழிவாங்கத் துடிப்பவன் இளைய மகன் பிர்ஜு. அவன் லாலாவைக் கொல்கிறான், கணக்கேடுகளைக் கொளுத்துகிறான். பின்னர் லாலாவின் மகளைத் தூக்கிச் செல்ல முயலும்போது தாயே துப்பாக்கியெடுத்து மகனைச் சுட்டு வீழ்த்துகிறாள்.

பெண்ணைத் தூக்கிச் செல்வது குற்றம், அதில் ஐயமில்லை. தந்தையின் பாவத்துக்கு மகளின் உடலைக் கணக்குத் தீர்க்கும் பொருளாக்குவதை எந்தப் பெண்ணியமும் ஏற்காது. ஆயினும் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வட்டிக்காரன்மீது வாழ்நாள் முழுவதும் ராதா எடுக்காத துப்பாக்கி, ஊர்ப் பெண்ணின் மானம் என்ற பெயரில் தன் மகன்மீது நீள்கிறது. சுரண்டலுக்கு எதிரான சினமும் பெண்ணுக்கு எதிரான வன்முறையும் பிர்ஜு என்னும் ஒரே உடலில் கட்டப்பட்டு, ஒரே குண்டில் தீர்க்கப்படுகின்றன. அணைக்கட்டுக் கால்வாயில் செந்நீர் ஓடுகிறது. விடுதலை பெற்ற பத்தாவது ஆண்டில், உழவனின் சினம் அடங்கவேண்டும், இனி வளர்ச்சி வரும் என்று தாயின் வாயால் சொல்லப்பட்டது. பெண் கையில் துப்பாக்கி தரப்பட்டது உண்மை. எவரைச் சுடுவதற்கு என்பதை வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

அடுத்த இருபதாண்டுகளுக்கு அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் ஆண் கைக்கே திரும்பிவிட்டது. தங்கை சிதைக்கப்படுவாள், உயிரை மாய்த்துக்கொள்வாள், அண்ணன் பழிவாங்கக் கிளம்புவான். இந்தக் கதைக்கூறு எத்தனை படங்களில் வந்தது என்பதை எண்ணிச் சொல்ல இயலாது. இந்தி வசனங்களில் வன்முறைக்கு வழங்கிய தொடர் 'இஜ்ஜத் லூட்னா'. மானத்தைக் கொள்ளையிடுதல் என்று அதற்குப் பொருள். கொள்ளை என்றால் உடைமையாளன் ஒருவன் இருக்கவேண்டும். அந்த உடைமையாளன் பெண் அல்லள். தந்தை, அண்ணன், கணவன். தமிழில் நெடுங்காலம் நாளேடுகளில் வழங்கிய 'கற்பழிப்பு' என்ற சொல்லும் இதே தவற்றைத்தான் செய்தது. குற்றவாளியின் செயலைக் குறிப்பதற்குப் பதிலாக, பாதிக்கப்பட்டவளிடம் எதுவோ அழிந்துபோனதாக அது அறிவித்தது. பாலியல் வன்முறை, வல்லுறவு என்ற சொற்களைப் பெண்கள் இயக்கம் விடாமல் வழங்கியதன் பின்னரே ஏடுகள் மாறின. பழக்கம் எளிதில் போவதில்லை. 2017இல் வெளியான 'காபில்' படத்திலும் பார்வையற்ற மனைவி வன்முறைக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொள்கிறாள், கணவன் பழிவாங்குகிறான். அவள் இறப்பது கதைக்குத் தேவைப்படுகிறது, நாயகனுக்குக் காரணம் வேண்டும் அல்லவா!

மதுரா வழக்கும் விளம்பர அழகியும்

1980களில் ஒரு மாற்றம் வந்தது. பழிவாங்கும் பொறுப்பு அண்ணனிடமிருந்து பெண்ணிடமே வந்து சேர்ந்தது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண் செத்துப்போகாமல் எழுந்து நிற்பாள் என்பதே அன்றைய இந்தித் திரைக்குப் புதிய செய்தி. அந்தச் செய்தி திரைத்துறையின் மூளையில் தானாக உதித்ததன்று. வீதியிலிருந்து வந்தது.

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலர்களால் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டாள். கூலி வேலை செய்து பிழைத்தவள் அவள். சட்ட வரலாற்றில் மதுரா வழக்கு என வழங்கப்படுவது இதுவே. அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது, உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1978இல் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே இசைந்தாள் என்பதாக அமைந்தது அந்தத் தீர்ப்பின் தருக்கம். 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். 1980 மகளிர் நாளில் பல நகரங்களில் பெண்கள் வீதிக்கு வந்தனர். அந்தப் போராட்டத்தின் பயனாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்முறை தனிக்குற்றமாயிற்று. அத்தகைய வழக்குகளில், தான் இசையவில்லை என்று பெண் கூறினால் அதை நீதிமன்றம் உண்மையென்று கொள்ளவேண்டும் என்ற நிலை வந்தது.

இதே 1980இல்தான் பி. ஆர். சோப்ராவின் 'இன்சாஃப் கா தராஜு' வெளிவந்தது. தலைப்பின் பொருள் நீதியின் துலாக்கோல். ஜீனத் அமன் ஏற்ற நாயகி அழகுப்போட்டியில் வென்ற விளம்பர அழகி. குற்றவாளி பணக்கார இளைஞன். நீதிமன்றத்தில் அவளது தொழிலும் சிரிப்பும் இசைவுக்குச் சான்றாக்கப்பட்டு அவன் விடுவிக்கப்படுகிறான். பின்னர் அவளுடைய தங்கையையும் அவன் சிதைக்கும்போது, அவள் அவனைச் சுட்டுக்கொல்கிறாள். மீண்டும் வழக்கு. இம்முறை அவள் விடுதலையாகிறாள்.

குறுக்கு விசாரணை எவ்வாறு இரண்டாவது வன்முறையாகிறது என்பதைக் கோடிக்கணக்கானோருக்குக் காட்டியது அந்தப் படம். அதை மறுக்கவில்லை. ஆனால் வீதியிலிருந்து திரைக்குச் செல்லும் வழியில் என்னென்ன காணாமற்போயின என்று பாருங்கள். பழங்குடிக் கூலிப்பெண் போனாள், நகர அழகி வந்தாள். காவல் நிலையம் போயிற்று, நாயகியின் வீடு வந்தது. சீருடை அணிந்த குற்றவாளி போனான், பட்டுச்சட்டை அணிந்த வில்லன் வந்தான். அரசின் குற்றம் தனியொருவனின் கொடூரமாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கம் 1988இல் வந்த 'ஜக்மி ஔரத்' படத்தில் முழுமை பெற்றது. அதில் டிம்பிள் கபாடியா ஏற்றிருக்கும் பாதிக்கப்பட்ட பெண்ணே காவல் ஆய்வாளர்! காவலர்களுக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் சினம் பத்தே ஆண்டுகளில் காவல் சீருடைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது. அவரும் பாதிக்கப்பட்ட பிற பெண்களும் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து குற்றவாளிகளை ஆண்மை நீக்கம் செய்கின்றனர். பெண்கள் ஒன்றுசேர்கிறார்கள் என்பது அந்தப் படத்தின் நல்ல கூறு. எதற்காக ஒன்றுசேர்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். வன்முறை ஓர் உறுப்பில் இருக்கிறது, அதை அறுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறது படம். சாதியில் இருக்கும் வன்முறையை எந்தக் கத்தியால் அறுப்பது? கூலி கேட்டால் உதைக்கும் அதிகாரத்தில் இருப்பதை எந்தக் கத்தியால் அறுப்பது?

பார்க்கும் கண்

பெண்ணியத் திரை ஆய்வில் 1975இல் லாரா மல்வி எழுதிய கட்டுரை ஒரு திருப்புமுனை. வெகுமக்கள் திரைப்படத்தில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைக்கப்படுகிறார்கள் என்று அவர் நிறுவினார். இந்தியாவின் பழிவாங்கும் பெண்களைப் பற்றிய படங்களைத் தனி வகைமையாகக் கொண்டு லலிதா கோபாலன் 1997இல் 'ஸ்கிரீன்' ஆய்விதழில் எழுதினார். ஆர்வமுள்ள தோழர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கட்டமைப்பு உண்டு. முற்பகுதியில் வன்முறை, பிற்பகுதியில் பழி. பிற்பகுதியின் நியாயத்துக்காக முற்பகுதி நீளமாகக் காட்டப்படுகிறது. கொடுமையைக் காட்டினால்தானே கோபம் வரும் என்பது தயாரிப்பாளரின் வாதம். ஆனால் சுவரொட்டியில் எந்தக் காட்சி அச்சிடப்படுகிறது, கொட்டகையில் எந்தக் காட்சிக்குச் சீழ்க்கை எழுகிறது என்பதை நாம் அறிவோம். ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு பண்டங்கள் விற்கப்படுகின்றன. வன்முறையைப் பார்க்கும் இன்பம் ஒன்று. அதற்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்து, நாம் நல்லவர்களே என்று வீடு திரும்பும் நிம்மதி மற்றொன்று.

1985இல் தெலுங்கில் விஜயசாந்தி நடித்த 'பிரதிகடன', 1987இல் 'பிரதிகாத்' என இந்தியில் வந்தது. கொலையொன்றை நேரில் கண்டு புகார் கொடுத்ததற்காக ஓர் ஆசிரியை நடுத்தெருவில் ஆடை களையப்படுகிறாள். இறுதியில் அந்த ரவுடியைக் கோடரியால் வீழ்த்துகிறாள். அரசியலும் ரவுடித்தனமும் கைகோத்திருப்பதைத் துணிவாகச் சொன்ன படம் அது. தெருவே வேடிக்கை பார்த்தது என்று நம்மைக் குத்திக்காட்டுகிறது. ஆனால் கொட்டகைக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வைப்பதும் அதே காட்சிதானே?

இதன் உச்சம் 1994இல் சேகர் கபூரின் 'பேண்டிட் குவீன்'. சீமா பிஸ்வாஸின் நடிப்பு மறக்கவியலாதது. ஆனால் அப்போது உயிரோடிருந்த பூலன் தேவியே அந்தப் படத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். தம் இசைவின்றித் தம்மீதான வன்முறை திரையில் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது என்பது அவரது முறையீடு. அருந்ததி ராய் அந்த ஆண்டே அவருக்கு ஆதரவாக எழுதினார். உயிருள்ள ஒரு பெண்ணின் இசைவு, அவளது துன்பத்தைப் பேசும் படத்துக்கே ஒரு பொருட்டாக இல்லாமற்போனது எத்தகைய முரண்!

சினத்துக்கு ஒரே காரணமா?

பூலன் தேவி மல்லா என்னும் படகோட்டிச் சாதியில் பிறந்தவர். அவரது வாழ்வின் முதல் சண்டை நிலத்துக்காக நடந்தது. தந்தைக்குச் சேரவேண்டிய நிலத்தை உறவினன் கைப்பற்றியபோது அதை எதிர்த்து நின்ற சிறுமி அவர். படத்தில் இந்த நிலச் சண்டைக்கு இடமில்லை. வன்முறை, பின்னர் 1981 பிப்ரவரி 14 அன்று பேமாய் ஊரில் இருபது பேர் கொல்லப்பட்டது, 1983இல் சரண் என்று கதை ஓடுகிறது. விசாரணையின்றிப் பதினோர் ஆண்டுகள் சிறையில் கிடந்து, 1996இல் மிர்சாபூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2001இல் தில்லியில் சுட்டுக்கொல்லப்பட்ட அரசியல் பெண்மணியைத் திரை அறியவில்லை. கொள்ளைக்காரி என்று சொன்னால் புரிகிறது. நிலம் கேட்டவள் என்றால் திரைக்குப் புரிவதில்லை.

தோழர்களே, என் உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள். பெண்ணின் சினத்துக்கு நம் திரைப்படம் ஒப்புக்கொள்ளும் காரணம் பெரும்பாலும் அவளுடைய உடல் ஒன்றே. கூலி குறைந்தால் அவள் சினங்கொள்வதில்லை. நிலம் பறிபோனால் சினங்கொள்வதில்லை. பிள்ளை பசியால் அழுதால் கண்ணீர் வடிப்பாள், அவ்வளவுதான். உடல் தீண்டப்பட்டால் மட்டும் காளியாவாள். பெண்ணை வெறும் உடலாகப் பார்க்கும் ஆணாதிக்கமே இங்கு வேறு வேடத்தில், பெண்ணுக்குப் பரிந்து பேசும் வேடத்தில் வந்து நிற்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. வியப்பு என்னவென்றால், அதிலொன்று முழுக்க முழுக்க வணிகப் படம். 1988இல் ராகேஷ் ரோஷன் இயக்கத்தில் ரேகா நடித்த 'கூன் பரி மாங்', ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தழுவியது. செல்வந்தர் வீட்டுக் கைம்பெண்ணைச் சொத்துக்காக மணந்தவன் அவளை முதலை வாயில் தள்ளுகிறான். அவள் பிழைத்து, முகம் மாறித் திரும்பி வந்து பழிதீர்க்கிறாள். நம்பவே முடியாத கதைதான். ஆனால் குடும்பம் என்பது அன்பால் மட்டும் கட்டப்பட்டதன்று, அதன் அடியில் சொத்து இருக்கிறது என்ற உண்மையைப் பல 'குடும்பப் படங்களை' விடத் தெளிவாக அது சொல்லிவிட்டது. இந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கிடைக்க நாடு 2005ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மிளகாய்த் தூள்

இனி, நான் மிகவும் மதிக்கும் படத்துக்கு வருகிறேன். சுனிலால் மடியாவின் குஜராத்திக் கதையை ஒட்டி கேத்தன் மேத்தா இயக்கிய 'மிர்ச் மசாலா'. 1986 டிசம்பரில் ஸ்மிதா பாட்டீல் காலமானார். அதன் பின்னரே, 1987இல், படம் திரைக்கு வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலம். வரிவசூல் செய்யவரும் சுபேதார் சோன்பாய் என்னும் பெண்ணை விரும்புகிறான். அவள் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடி, மிளகாய் இடிக்கும் கூடத்துக்குள் புகுகிறாள். கிழக் காவலாளி அபு மியான் கதவைத் தாழிடுகிறார். அதன் பிறகு ஊரே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. ஒருத்தியைக் கொடுத்துவிட்டால் ஊர் பிழைக்கும் என்கிறார்கள் ஆண்கள். உள்ளே அடைபட்ட பெண்களும் முதலில் அவளையே பழிக்கிறார்கள். உன்னால்தானே எங்களுக்கு இந்த இடர் என்கிறார்கள். இந்தப் பகுதி மிக முக்கியமானது. பெண்கள் என்பதாலேயே பெண்கள் ஒன்றுபட்டுவிடுவதில்லை என்பதை இயக்கத்தில் இருக்கும் நாம் அறிவோம். அச்சம் பிரிக்கிறது, குடும்பம் பிரிக்கிறது, பிழைப்பு பிரிக்கிறது. ஒற்றுமை பிறவியில் வருவதன்று, கட்டப்படுவது. வெளியே முகியின் மனைவியாக வரும் தீப்தி நவல் ஊர்ப் பெண்களைத் திரட்டித் தட்டுகளைத் தட்டி ஓசை எழுப்புகிறார். உள்ளே கதவு உடைக்கப்பட்டு, அபு மியான் சுடப்பட்டு வீழ்ந்த பின், பெண்கள் மிளகாய்த் தூளை அள்ளிச் சுபேதாரின் கண்களில் வீசுகிறார்கள்.

அந்த ஆயுதத்தைக் கவனியுங்கள். இறைவன் தந்த சூலமன்று, காவல்துறை தந்த துப்பாக்கியுமன்று. அவர்கள் நாளெல்லாம் இடித்துச் சலித்த, அவர்களது உழைப்பின் விளைபொருள். எரிச்சலை நாள்தோறும் தம் கண்களில் தாங்கிய பெண்கள், அதை அதிகாரத்தின் கண்களில் திருப்பி வீசினார்கள். பகைவன் அரசின் வரியதிகாரி. அவனுக்குத் துணை ஊர்த்தலைமை. எதிர்த்தவர்கள் உழைக்கும் பெண்களும் ஒரு முதிய முஸ்லிம் தொழிலாளியும். பழிவாங்கும் பெண் என்ற கதையை வர்க்கக் கண்கொண்டு எடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதுவே விடை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2015இல், நவ்தீப் சிங்கின் 'என்.ஹெச்.10' வந்தது. ஹரியானாவில் சாதிக்கட்டுப்பாட்டை மீறிய இணையர் கொல்லப்படுவதைக் காணும் நகரத் தம்பதியர் வேட்டையாடப்படுகின்றனர். கணவன் இறக்க, அனுஷ்கா சர்மா ஏற்ற மனைவி இரும்புத்தடியும் ஊர்தியுமாகப் பழிதீர்க்கிறாள். காவலர் ஒருவரே அவளிடம் சாதியைக் கேட்கும் காட்சி கூர்மையானது. அந்தக் கொலைக்குடும்பத்தின் தலைவியாக, ஊராட்சித் தலைவியாக, பெற்ற மகளின் கொலைக்கு உடன்பட்டவளாக நடித்தவர் யார் தெரியுமா? அதே தீப்தி நவல். தட்டைத் தட்டி ஊரை எழுப்பிய முகம் இப்போது சாதியின் காவல்முகம். ஆணாதிக்கத்தைப் பெண்ணும் சுமந்து நடத்துவாள் என்ற உண்மையை அது சொல்கிறது. ஆனால் இந்தப் படத்தில் நகரப் பெண் தனியாள். ஊரில் அவளுக்குத் துணையாக ஒரு வலுவான அணி இல்லை. சிற்றூர் என்றாலே கொடூரம் என்ற அச்சத்துடன் நகரத்துப் பார்வையாளர் வெளியேறுகிறார்.

எரித்தவள் முதலில் வழக்காடினாள்

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் கண்ணகியை நினைக்காமல் இருக்க முடியாது. சினங்கொண்ட பெண் என்றதும் நமக்கு எரியும் மதுரை நினைவுக்கு வருகிறது. ஆனால் சிலப்பதிகாரத்தில் எரிப்பதற்கு முன் அவள் செய்தது என்ன? அரசவைக்குச் சென்றாள். வழக்குரைத்தாள். சான்றுப் பொருளை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, தன் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்று மெய்ப்பித்தாள். அரசே குற்றவாளி என்பது அவையில் நிறுவப்பட்ட பின்னரே நெருப்பு வந்தது. அதைக் காப்பியம் 'வழக்குரை காதை' என்றே பெயரிட்டு வைத்திருக்கிறது.

நம் திரைப்படங்கள் இத்தகைய பெண்களிடமிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டன, வழக்கை விட்டுவிட்டன. அதன்பின் அவளைத் தெய்வமாக்கிவிடுகின்றன. 2012இல் சுஜய் கோஷின் 'கஹானி'யில் கொல்கத்தாவின் துர்க்கை பூசை நாளில் பழிதீர்த்து, செந்நிறக் கரையிட்ட வெண்புடவையில் பெண்கூட்டத்தில் கலந்து மறைகிறாள் வித்யா. அழகான காட்சிதான். ஆனால் தெய்வமாக்குவது மதிப்பதாகாது. தெய்வத்துக்கு மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதில்லை, வாடகை கொடுக்கவேண்டியதில்லை, வாய்தாவுக்கு நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. நம் பெண்களுக்கு இவை எல்லாம் உண்டு.

திரை வீதிக்கு வரும்போது

இவையெல்லாம் கதைதானே, இதற்கு இத்தனை ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். 2017இல் ஸ்ரீதேவி நடித்த 'மாம்' வந்தது. மகளைச் சிதைத்தவர்கள் நீதிமன்றத்தில் தப்பிவிட, தாய் ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். இறுதியில் காவல் அதிகாரியே தன் துப்பாக்கியை அவள் கையில் கொடுக்கிறார். கொட்டகையில் கைதட்டல்.

இரண்டாண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 6 அன்று, ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. காவலர்கள்மீது மக்கள் பூத்தூவினார்கள். 2022இல், உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்று கண்டறிந்தது. நால்வரில் மூவர் சிறார் வயதினர் என்றும், பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்தவேண்டும் என்றும் அது கூறியது. கொல்லப்பட்ட பெண்ணுக்கு நீதி கிடைத்ததா? வழக்கே நடக்கவில்லை, உண்மை என்னவென்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் சிறுமி சிதைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் கோபத்தை எடுத்து, காவலர் துப்பாக்கிக்கு மாலை போடும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இதில் திரைப்படத்துக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு 29 நாள்களில் அறிக்கை அளித்தது. ஆண்மை நீக்கத்தை அது மறுத்தது. பாலியல் வன்முறைக்கு மரண தண்டனையையும் பரிந்துரைக்கவில்லை. மாறாக, திருமண உறவுக்குள் நிகழும் வன்முறையைக் குற்றமாக்கச் சொன்னது. படைவீரர்களின் பாலியல் குற்றங்களைப் பொதுச் சட்டத்தின்கீழ் கொண்டுவரச் சொன்னது. அரசு என்ன செய்தது? குழு மறுத்த மரண தண்டனையைச் சில குற்றங்களுக்குச் சேர்த்துக்கொண்டது. குழு கேட்ட திருமண வன்முறைத் திருத்தத்தைத் தள்ளிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் கணவனுக்கான விலக்கு அப்படியே இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,677. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றவாளி பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், வேலை கொடுத்தவன். திரையில் வருபவனோ பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த அயலான். வீட்டுக்குள் இருப்பவனைச் சுட்டுவிட்டுத் தெய்வமாகிவிட முடியாது. அவனோடு ஒரே கூரையின் கீழ் மறுநாளும் விடிகிறது. 2022இல் வெளியான 'டார்லிங்ஸ்' இந்த இடத்தைத் தொட முயன்ற படம். அடிக்கும் கணவனைக் கட்டிப்போட்டுத் திருப்பியடிக்கும் மனைவி, கடைசியில் அவனைக் கொல்லும் வாய்ப்பு வந்தபோது விலகிக்கொள்கிறாள். அவனைக் கொன்றால் அவன் நினைவைச் சுமந்தபடி வாழவேண்டும் என்பதை உணர்கிறாள்.

சாட்சி சொன்னவர்கள்

திரை காட்டாத பழிதீர்ப்புகள் நம் நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ராஜஸ்தானில் பன்வாரி தேவி அரசுத் திட்டத்தின் ஊர்ப்பணியாளர். 1992இல் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்கச் சாதியினரால் கூட்டு வன்முறைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டான் என்ற பொருள்படும் காரணமும் அதில் கூறப்பட்டது. அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, வாய் மூடவும் இல்லை. அவருக்காகப் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றதால் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. இன்று அலுவலகத்தில் புகார்க் குழு இருக்கிறதென்றால், அது பானை வனையும் குடியில் பிறந்த அந்தப் பெண் நமக்கு ஈட்டித் தந்தது. அவருக்கோ முழுநீதி கிட்டவில்லை.

ஹரியானாவில் 2007இல் ஒரே கோத்திரத்தில் மணந்ததற்காக இளம் இணையர் கொல்லப்பட்டனர். இறந்த இளைஞனின் தாய், ஊர்விலக்கத்தையும் மிரட்டலையும் தாங்கி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்று சாட்சி சொன்னார். 2010இல் கர்னால் அமர்வு நீதிமன்றம் கொலையாளிகளைத் தண்டித்தது. 'என்.ஹெச்.10' இந்தத் தாயின் கதையை எடுத்திருந்தால் இரும்புத்தடி தேவைப்பட்டிருக்காது.

2002 குஜராத் படுகொலையில் கூட்டு வன்முறைக்கு ஆளாகிக் குடும்பத்தையே இழந்த பில்கிஸ் பானு, குற்றவாளிகளைத் தண்டிக்க வைத்தார். 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்தப் பதினொருவரும் விடுவிக்கப்பட்டு, இனிப்பும் மாலையுமாக வரவேற்கப்பட்டனர். அவரும், அவருக்குத் துணையாக சுபாஷினி அலி, ரூப் ரேகா வர்மா, ரேவதி லால் போன்றோரும் நீதிமன்றம் சென்றனர். 2024 ஜனவரி 8 அன்று அந்த விடுதலை செல்லாது என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. குற்றவாளிகள் சிறைக்குத் திரும்பினர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓயாத சினம்! இதைவிடப் பெரிய பழிதீர்ப்பை எந்தத் திரை காட்டியிருக்கிறது?

நாம் செய்யக்கூடியது

பழிவாங்கும் பெண்ணின் படங்களைத் தடைசெய் என்று நாம் கேட்கவில்லை. அவற்றைப் பார்த்துக் கைதட்டும் பெண்ணைக் குறைகூறவும் கூடாது. நீதிமன்றத்தில் கிடைக்காததை இரண்டரை மணி நேரம் கொட்டகையில் அவள் பெற்றுக்கொள்கிறாள். அந்தக் கைதட்டலில் இருக்கும் சினம் மெய்யானது, நியாயமானது. அதை யார் திரட்டுவது என்பதே கேள்வி. நாம் திரட்டாவிட்டால் துப்பாக்கிச்சூட்டுக்குப் பூத்தூவச் சொல்பவர்கள் திரட்டுவார்கள்.

ஆகவே கிளைதோறும் படம் பார்த்துப் பேசுங்கள். 'மிர்ச் மசாலா'வையும் 'மாம்' படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, எந்த ஆயுதம், யார் கொடுத்தது என்று பெண்களையே கேளுங்கள். உங்கள் பகுதியில் நடக்கும் வழக்கில் சாட்சி சொல்லப்போகும் பெண் தனியே பேருந்தேறிப் போகாதிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பெண்கள் அவளோடு நீதிமன்ற வாயிலில் நின்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குரலும் சற்றுத் தணியும். பணியிடங்களில் புகார்க் குழு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று சங்கங்கள் கேட்கட்டும். திருமண வன்முறைக்கான விலக்கை நீக்கும் கோரிக்கையை மேடைதோறும் எழுப்புங்கள்.

இந்தியில் பழிக்கு 'பத்லா' என்று பெயர். மாற்றத்துக்கு 'பத்லாவ்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. முதற்சொல்லோடு படம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் சொல்லை நோக்கிச் செல்ல நமக்கு ஓர் அமைப்பு வேண்டும், பொறுமை வேண்டும், ஆறாத சினமும் வேண்டும். அந்தச் சினத்தைக் காத்துக்கொள்வோம்.